மதியத் தூக்கமும் லின் மிஸ்ஸும்

1. முதல் நாள், பன்னிரண்டரை மணி

எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தேன். லைட் அணைந்திருந்தது. ஜன்னல் திரைகளை இழுத்து விட்டிருந்தார்கள். நாற்பது பிள்ளைகளும் மேசையில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தார்கள். யாரோ செத்துப்போன சேதி வந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

சும்மா இருந்தேனா? சுவிட்சைத் தட்டினேன். "ஓப்பன் யுவர் புக்ஸ்!" என்று ஒரு சத்தம் போட்டேன். நாற்பது முகமும் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தன. எங்கிருந்தோ லின் மிஸ் ஓடி வந்தார். லைட்டை அணைத்தார். என் சட்டைக் கையைப் பிடித்து வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இது தூங்குகிற நேரம்" என்றார்.

"யாருக்கு?"

"எல்லோருக்கும்."

ஸ்டாஃப் ரூமை எட்டிப் பார்த்தால் அங்கேயும் அதே கதை. மடக்குக் கட்டில்களை விரித்துப் போட்டு, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் பெரிய பெரிய வாத்தியார்களெல்லாம் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள்.

நான் சித்தூரில் இருபத்திரண்டு வருஷம் பிரைவேட் ஸ்கூலில் கணக்கு எடுத்தவன். நம்ம பக்கத்து ஸ்கூல் சங்கதி உங்களுக்குத் தெரியும். கடைசிக் கவளம் வாயில் இருக்கும்போதே ஸ்டடி ஹவர் மணி அடித்துவிடும். எவனாவது கண் அசந்தால் சாக்பீஸ் பறக்கும். அந்தப் பழக்கத்தோடுதான் கடல் தாண்டி, இங்கிலீஷில் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனேன்.

2. யோசித்துப் பார்க்கலாம்

வெளிநாட்டு வாத்தியார் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு உள்ளூர் டீச்சரைத் துணைக்குப் போடுவார்கள். கோ-டீச்சர் என்று பெயர். எனக்கு லின் மிஸ். முப்பது வயசு இருக்கும். அந்தக் கட்டடத்தில் என்னோடு நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசிய ஒரே ஆள் அவர்தான். பேச்செல்லாம் இங்கிலீஷில். இங்கே தமிழில் தருகிறேன்.

கேன்டீனில் எது கறி இல்லாத பதார்த்தம் என்று காட்டிக் கொடுத்தார். நான் கொண்டுபோயிருந்த திருமலை லட்டை இரண்டு கையாலும் வாங்கி, சின்னச் சின்னத் துண்டாக்கி, எல்லா மேசையிலும் ஒவ்வொன்று வைத்தார். சாயந்திரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து வருவார். அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்கு அன்றைக்கு மனுஷப் பேச்சு.

மற்றபடி தனிமைதான். மதியம் அந்த ஒரு மணி நேரம் மொத்தப் பள்ளிக்கூடமும் தூங்கும். நான் ஒருத்தன் மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குப் போன் போடலாம் என்றால் ஊரில் அப்போது காலை பத்து மணி. என் மனைவி வசந்தா புத்தலப்பட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"இன்னாங்க இந்நேரத்துல? ஓ.பி. ஓடிக்கினு இருக்குது. துன்னீங்களா? சரி, ராத்திரி பேசுறேன்" என்று வைத்துவிடுவாள். அவள் மேல் தப்பில்லை. நான்தான் போனை மேசையில் வைத்துவிட்டு மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பேன்.

சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? வகுப்பில் ஆறு பேர் அல்ஜீப்ராவில் ரொம்ப வீக். தூங்குகிற நேரத்தில் அவர்களைக் கூப்பிட்டு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தால் என்ன? லின் மிஸ்ஸைக் கேட்டேன்.

"ஓ… நல்ல எண்ணம். யோசித்துப் பார்க்கலாம்" என்று சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டேன். "பிள்ளைகள் கொஞ்சம் களைத்திருப்பார்கள். யோசித்துப் பார்க்கலாம்" என்றார். மூன்றாவது தடவையும் அதே பதில், அதே சிரிப்பு. மூன்று தடவை கேட்டாகிவிட்டது, வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. லேப் பக்கத்துக் காலி அறையில் ஆரம்பித்துவிட்டேன். ஆறு பிள்ளைகளும் மறுபேச்சில்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு வாரம் எனக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. உண்மையைச் சொல்கிறேன், அந்த கிளாஸ் அவர்களைவிட எனக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

3. மீட்டிங்

பெற்றோர்கள் போன் குரூப்பில் புகார் போட்டுவிட்டார்கள். பிள்ளை மதியம் தூங்குவதில்லை, சாயந்திர வகுப்பில் சாய்ந்து விழுகிறான், யார் பொறுப்பு என்று. வைஸ் பிரின்சிபால் ஸ்டாஃப் மீட்டிங்கில் பேச்சை எடுத்தார். என் பெயரைச் சொல்லவேயில்லை. "சில வகுப்புகளில் மதிய ஓய்வு சரியாக நடப்பதில்லை" என்று பொதுவாகத்தான் சொன்னார். லின் மிஸ் அதை எனக்கு மெதுவாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என் வாய் சும்மா இருக்குமா? எழுந்து நின்றேன்.

"சார், நான் யாருக்கும் தெரியாமல் செய்யவில்லை. லின் மிஸ்ஸை மூன்று தடவை கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை."

லின் மிஸ் எழுந்தார். முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. அவர்கள் பாஷையில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தார். தப்பைத் தன் மேலேயே போட்டுக்கொண்டிருக்கிறார். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அன்று ராத்திரி வீடியோ காலில் வசந்தாவிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அந்தப் பொண்ணு வேணான்னுதானே சொல்லிக்கினு இருந்திருக்குது! உங்க கரஸ்பாண்டென்ட் கிட்ட லீவு கேட்டா 'சூஸ்தாம் மாஸ்டாரு'ம்பாரே, அது லீவு இல்லன்னு உங்களுக்குப் புரியும். அதையே அது இங்கிலீஷ்ல சொன்னா புரியாதா?"

எனக்கு சுருக்கென்றது. சூஸ்தாம், அதாவது பார்க்கலாம் என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். இது நம்ம ஊர் மாங்காய் மண்டியில் நிற்கிற பொடியனுக்குக்கூடத் தெரியும். ஊரில் தெரிந்த சங்கதியை நான் ஊரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

அடுத்த நாள் செய்தது அதைவிட மோசம். நாலு பேர் முன்னால் வந்த கெட்ட பெயரை நாலு பேர் முன்னால்தான் கழுவ வேண்டும் என்பது நம்ம வழக்கம். ஸ்டாஃப் ரூம் நடுவில் நின்று, "லின் மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் என் தப்பு" என்று உரக்கச் சொன்னேன். எல்லோரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். மறந்துபோக இருந்ததை நான் மறுபடி நடுச்சபையில் இழுத்துப் போட்டிருக்கிறேன். லின் மிஸ் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் கோ-டீச்சர் மாறினார். லின் மிஸ் அதே அறையில்தான் இருந்தார். எதிரில் பார்த்தால் சிரிப்பார், குட் மார்னிங் சொல்வார். அவ்வளவுதான். சாயந்திரம் பஸ் ஸ்டாப்புக்குத் தனியாக நடந்தேன். பத்து நிமிஷ வழி அரை மணி போல இருந்தது.

4. கட்டில்

ஒரு நாள் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டிலும் மடித்த போர்வையும் இருந்தன. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. அதற்குள் அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. மதியம் லைட் அணைந்ததும் நானும் படுத்தேன். சுற்றிப் பதினாலு பேர் மூச்சு விடும் சத்தம். நாலு கட்டில் தள்ளி லின் மிஸ் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அத்தனை பேர் நடுவில் படுத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. கான்ட்ராக்ட் முடியும்வரை ஒரு நாளும் வரவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது திருப்பதியில் என் கோச்சிங் சென்டருக்கு, அந்த நாட்டில் வேலை கிடைத்த இளம் மாஸ்டர்கள் வந்து சாப்பாடு எப்படி சார், குளிர் எப்படி சார் என்று கேட்கிறார்கள். அதெல்லாம் ஒரு மாசத்தில் பழகிவிடும். நான் சொல்வது ஒன்றுதான். பதில் வார்த்தையில் மட்டும் இருக்காது. உடனே சரி என்று வராத பதிலை வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தப்பு நடந்தால் அடுத்தவர் பெயரைச் சபையில் எடுக்காதீர்கள், நல்லதுக்காகக்கூட.

அங்கே என் கடைசி நாள், ஸ்கூல் கேட்டுக்கு வெளியே லின் மிஸ்ஸைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

"லின், ஒரு தடவை குடும்பத்தோடு திருப்பதிக்கு வாங்க. தரிசனம், ரூம் எல்லாம் என் பொறுப்பு. அன்றைக்குச் சாப்பிட்ட லட்டு ஞாபகம் இருக்கிறதா?"

அவர் முகம் ஒரு நிமிஷம் பழையபடி மலர்ந்தது.

"இருக்கிறது. ரொம்ப நன்றி, மாஸ்டர்" என்றார். "யோசித்துப் பார்க்கலாம்."

நான் மறுபடி கேட்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.