வலது காலை முன்னே வைத்த பீச்சாங்கைக்காரன்

நாலைந்து பேருடைய வியர்வையில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுநாள் மறுபடி ஊறிய கிளவுஸுக்குள் கையை விட்டால் ஒரு வாசனை வரும். மழையில் நனைந்த செருப்பையும் முந்தாநாள் ரசத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டதுபோல என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில், நீலம் போட்டுக் காயவைத்த பெட்ஷீட்டுகளுக்கு நடுவே, அந்த வாசனையை முகர்ந்துகொண்டுதான் நான் பதினான்கு வயதில் குத்துச்சண்டை வீரனாக முயன்றேன். 'முயன்றேன்' என்ற சொல்லை வாசகர்கள் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும்.

லாட்ஜின் மேனேஜர் பழனிச்சாமிதான் எங்கள் மாஸ்டர். பட்டாளத்தில் கொஞ்ச காலம் குத்துச்சண்டை போட்டவர். அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம். நடந்தால் தரையையே பார்த்து நடக்கும் பிள்ளை அங்கே போனாலாவது தலையை நிமிர்த்துவான் என்று நம்பி, அப்பா என்னைச் சிங்காநல்லூரிலிருந்து டவுன் பஸ் ஏற்றி அனுப்பினார். லாட்ஜில் தங்க வருகிறவர்களை ஊர்ப் பெயரால் ஞாபகம் வைத்துப் பழகியவர் என்பதால் மாஸ்டர் எங்களையும் அப்படியே கூப்பிட்டார். நான் "சிங்காநல்லூர்". என் எடைக்குச் சமமாக மாடியில் இருந்த ஒரே பையனான அன்வர், "உக்கடம்".

மாஸ்டருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஏக்கம்தான். "ஒரே ஒரு இடதுகைக்காரன் கெடைச்சாப் போதுமப்பா, ஜில்லாவையே ஆட்டிப்போடலாம்" என்பார். எல்லோரும் இடது காலை முன்னே வைத்து நின்றுதான் சண்டை போடுகிறார்கள், அதன் பெயர் ஆர்த்தடாக்ஸ். இடதுகைக்காரன் மட்டும் வலது காலை முன்னே வைத்து, பலமான இடது கையைப் பின்னால் காத்திருக்க வைப்பான், அது சவுத்பா. எதிராளிக்கு அந்தக் குத்து எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது என்று கண்கள் பளபளக்க விளக்குவார். அப்படி ஒருவனைக் கண்டுபிடிப்பதற்காகப் புதிதாக வரும் ஒவ்வொரு பையனிடமும் முதல் கேள்வியாக, "எந்தக் கையில சோறு திங்கறே?" என்று கேட்பார். கோயமுத்தூர் ஜில்லாவில் பெற்றவர்கள் உள்ள பிள்ளை எவன் அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்வான்? எல்லோரும் வலது கையைத் தூக்கிக் காட்டுவோம். மாஸ்டர் பெருமூச்சு விட்டு, "சரி, இடது காலை முன்னாடி வை" என்பார்.

நானும் பொய் சொல்லவில்லை. பிறவியில் இடதுகைக்காரனான என்னை, விரலில் வேப்பெண்ணெய் தடவியும், இடது கையைத் தொடைக்கடியில் வைத்து உட்காரச் சொல்லியும், அம்மா சோற்றுக்கும் எழுத்துக்கும் வலது கைக்கு மாற்றியிருந்தாள். அவள் வாழ்நாள் சாதனைகளில் அது முதலாவது. இரண்டாவது, அப்பாவைப் பீடியை விட வைத்தது. ஆனால் கல் எறிவது, பல் தேய்ப்பது, கோலி அடிப்பது எல்லாம் அம்மாவின் ஆட்சி எல்லைக்கு வெளியே இருந்ததால், அங்கெல்லாம் "பீச்சாங்கை"யே ராஜ்யம் செய்தது. ஆகவே மாடியில் நான் லேசாகத் தட்ட வேண்டிய முன்கையால் இடித்தேன். இடிக்க வேண்டிய பின்கையால் தடவிக்கொடுத்தேன். "தட்டச் சொன்னா ஏன்டா இடிக்கறே? இடிக்கச் சொன்னா ஏன்டா கொஞ்சறே?" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

உண்மையை வெளிக்கொண்டுவந்தது ஒரு காக்கை. பயிற்சி முடிந்து மாஸ்டர் கொடுத்த தேங்காய் பன்னை அது கவ்விக்கொண்டு பறக்க, நான் செருப்பைக் கழற்றி வீசினேன். செருப்பு காக்கைமேல் பட்டது. பன் கீழே விழுந்தது. மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"டேய் சிங்காநல்லூர், எந்தக் கைல எறிஞ்ச?"

"இந்தக் கைலதானுங்க."

"அப்பறம் சோறு அந்தக் கைலன்னு சொன்னே?"

"சோறு அந்தக் கைலதானுங்க. எறியறது இந்தக் கைங்க."

மாஸ்டர் உடனே எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துச் செருப்பு எறியச் சொன்னார். அன்வரும் இடது கையால் எறிந்தான். இத்தனை நாள் கையிலேயே வைத்துக்கொண்டு தேடியிருக்கிறோமே என்று மாஸ்டர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"இன்னிக்கே காலை மாத்துங்க ரெண்டு பேரும்" என்றார். நான் மாற்றினேன். அன்வர் மறுத்துவிட்டான். "அடிக்கற கை முன்னாடி இருந்தாத்தானே மாப்ளே மூஞ்சிக்குக் கிட்டக்க இருக்கும்? எதுக்குப் பின்னால கொண்டுபோய் வெச்சுட்டு, அப்பறம் பஸ் புடிச்சு வரச் சொல்லணும்?" என்று என் காதில் சொன்னான். அதைவிடத் தெளிவான விளக்கத்தை இந்த விஷயத்தில் நான் இதுவரை படித்ததில்லை.

சவுத்பாவில் எனக்குக் குத்து வந்தது. கூடவே வினையும் வந்தது. தினமும் சாயங்காலம் உசுப்பிவிடப்பட்ட இடது கை, சித்தப்பா மகள் கல்யாணப் பந்தியில், சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா பக்கத்து இலையில் இருக்க, தானாக நீண்டு ஜிலேபியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. வீடு வந்து சேர்ந்ததும் அம்மா, "நாளையிலிருந்து நீ அங்க போக வேண்டாம்" என்றாள்.

ஜில்லாப் போட்டிக்கு எங்கள் எடையில் ஒருவனைத்தான் அனுப்ப முடியும். அதற்காக எனக்கும் அன்வருக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சண்டை வைத்திருந்தார் மாஸ்டர். முதல்முறையாக எனக்கு ஒன்று நன்றாக வந்திருந்தது. அது போய்விடப் போகிறதே என்று நான் அழுத அழுகையைப் பார்த்து அப்பா, "நீயே ஒருக்கா போயிப் பாத்துப்போட்டு வாயேன்" என்று அம்மாவை அனுப்பிவைத்தார்.

அந்தக் காலத்தில் குடும்பப் பெண்கள் காந்திபுரம் லாட்ஜ் படியேறுவதில்லை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

"ஏனுங்ணா, நான் எத்தனை வருசமாப் பாடுபட்டு மாத்துன கை! ஒரே மாசத்துல கெடுத்துப்போட்டீங்களே, நாயமுங்களா?"

"இல்லீங் அம்மணி, தங்கமான கைங்க அது."

"அந்தக் கைல அடிச்சா அடி வாங்கற புள்ளைக்கு அவமானமில்லீங்களா? நாளைக்கு அவுங்கம்மா வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவனுங்க?"

"அடி வாங்கற புள்ள நான்தானுங்கம்மா" என்றான் அன்வர். "எந்தக் கைல வாங்குனாலும் ஒரே மாதிரிதான் வலிக்குது."

பேச்சில் அம்மாவை ஜெயிக்க முடியாது என்று புரிந்துகொண்ட மாஸ்டர், "நின்னு காட்டுடா" என்றார். நான் நின்றேன். அம்மா என் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"வலது காலையா முன்னாடி வெச்சிருக்கான்?"

"ஆமாங்க. இதுல அப்படித்தானுங்க."

அம்மா அன்வர் பக்கம் திரும்பினாள். அவன் வழக்கம்போல் இடது காலை முன்னே வைத்து நின்றிருந்தான். "ஏங்கண்ணு, ஒரு காரியத்துக்குப் போறப்ப இடது காலையா முன்னாடி வெப்பே? உங்கூட்ல ஒண்ணும் சொல்லலையா?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள். பிறகு மாஸ்டரிடம் தீர்ப்பு வழங்கப்பட்டது: "என்ற பையன் வலது காலை வெச்சே போகட்டுங்க. ஆனா சோத்துல ஒருக்கா அந்தக் கை பட்டுச்சுன்னா அன்னியோட சரி. ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கறேன்." உலகமெங்கும் இடதுகைக் குத்துச்சண்டைக்காரர்களை யோசிக்க வைக்கும் கேள்விக்கு எங்கள் வீட்டில் இப்படித்தான் விடை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பெட்ஷீட்டுகளை எடுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டித் தூண்களில் கயிறு கட்டி ரிங் போட்டிருந்தார்கள். அம்மா முன்வரிசையில், லாட்ஜ் ஆபீஸ் நாற்காலியில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். அங்கேதான் நான் கெட்டேன். அவள் பார்வை பட்டதும் என் இடது கை, தொடைக்கடியில் உட்கார்ந்த பழைய ஞாபகத்திலோ என்னவோ, தாடையோரம் ஒட்டிக்கொண்டு வர மறுத்துவிட்டது. வலது கையால் மட்டும் மரியாதையாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அன்வர் என் முன்காலுக்கு வெளிப்பக்கமாகக் காலை வைத்து வைத்து, பஸ் பிடிக்கத் தேவையில்லாத அந்த இடது கையால் என் மூக்கை விசாரித்தான். ரத்தம் உதட்டுக்கு இறங்கி உப்புக் கரித்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. பை கீழே விழ, நாற்காலியைத் தள்ளிவிட்டு அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"அந்தக் கைல குடுடா கண்ணு! பீச்சாங்கைல குடுடா!"

நான் ஆச்சரியத்தில் திரும்பி அவளைப் பார்த்தேன். சண்டைக்கு நடுவில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதை அன்வர் உடனே எனக்குப் புரியவைத்தான். தரையிலிருந்து எழுந்தவன் விட்டேன் ஒன்று இடதில், அவனும் உட்கார்ந்தான். மணி அடித்துவிட்டது. புள்ளிக் கணக்கில் அவன்தான் ஜில்லாவுக்குப் போனான், முதல் சுற்றிலேயே திரும்பி வந்தான். நான் பத்தாம் வகுப்புக்குப் போனேன்.

இப்போது அந்த லாட்ஜ் இல்லை. அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் குடியிருக்கும் சரவணம்பட்டியில் கண்ணாடிச் சுவரும் ஏசியும் வைத்த பாக்ஸிங் ஜிம் இருக்கிறது. அங்கே சேருகிற பிள்ளைகள் எந்தக் காலை வேண்டுமானாலும் முன்னே வைக்கிறார்கள், எந்தத் தாயும் நியாயம் கேட்டுப் படியேறுவதில்லை. போன வாரம் அம்மாவிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டேன்.

"நானா? அத்தனை பேர் முன்னால பீச்சாங்கைன்னு கத்துனனா? போடா, நான் அப்படியெல்லாம் சொல்லவே மாட்டேன்" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள். இருந்த முக்கியமான சாட்சியும் போயிற்று என்று நான் எழுந்தேன். கீரை ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"பெத்த புள்ள மூக்குல ரத்தம் ஒழுக நிக்கறப்ப, எந்தக் கைன்னு பாத்துட்டா இருப்பாங்க?"