காலனி மாட்டுப் பால்

புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு காலனி. நாற்பது தொகுப்பு வீடுகள், எழுபத்தாறில் சர்க்கார் கட்டிக் கொடுத்தது. ஊருக்குள் அதற்கு 'ஓசி ஊடு' என்று பேர். ஓசி ஊட்டுக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு குரலில் ஒப்பிப்பார்கள். கதவைக் கழற்றி விற்றுக் குடித்துவிடுவார்கள் என்று டீக்கடைக்காரர் மூக்கால் பேசுவார். உழைக்காமல் கிடைத்ததன் அருமை தெரியாது என்று வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்.

மாரக்காள் அந்த வீடுகளுக்குச் செங்கல் சுமந்தவள். ஏழாம் நம்பர் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது அது தன் பேருக்கு வரும் என்று அவளுக்குத் தெரியாது. வந்த பிறகு கதவை விற்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் பச்சைப் பெயிண்ட் அடித்தாள்.

மாடு வந்த கதையும் அப்படித்தான். தோட்டத்துக்காரர் ஒருவருடைய கிடாரியை வாரத்துக்கு வளர்த்தாள். மாடு அவருடையது, தீனியும் பாடும் இவளுடையது. ஈனுகிற முதல் கன்று அவருக்கு, இரண்டாவது இவளுக்கு. இரண்டாவதும் கிடாரியாக விழுந்தது. அது வளர்ந்து ஈன்றபோது எண்பத்து மூன்று பிறந்துவிட்டது. மாரக்காள் பால் சொசைட்டியில் அட்டை வாங்கினாள். காலனிக்கு அதுதான் முதல் அட்டை.

சொசைட்டிச் செயலாளர் பாலசுந்தரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்துப் பாலை அப்படியே கேனில் ஊற்றிக்கொள்வார். மாரக்காள் வந்தால் மட்டும் கண்ணாடி மீட்டரை எடுத்துத் துடைத்துப் பாலில் விடுவார். தண்ணீர் கலந்த பாலில் மீட்டர் ஆழமாக இறங்கும். மாரக்காளின் பாலில் அது குளிக்கப் போன எருமையாக இறங்கியது. ஒரு தடவை, இரண்டு தடவை. இன்னொரு தடவை இறங்கினால் அட்டையைக் கிழித்துவிடுவேன் என்றார். அட்டை போனால் தீனிக்கு வழியில்லாமல் மாடும் போகும், காலனியில் வேறு யாருக்கும் அட்டையும் வராது. வரிசையில் நின்றவர்கள், ஓசி ஊட்டுப் புத்தி பாலிலும் தெரியுது என்று சிரித்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் மாரக்காள் தூக்குப்போசியில் பால் கொண்டுவரவில்லை. மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்தாள், பின்னால் கன்றும். சொசைட்டி வாசலில் கட்டி, கன்றை ஊட்டவிட்டு, அத்தனை பேரும் பார்க்கக் கறந்தாள். நுரை அடங்காத போசியைச் செயலாளர் முன்னால் வைத்தாள்.

"போட்டுப் பாருங்க."

போட்டார். மீட்டர் நேற்று போலவே இறங்கியது.

 வரிசையில் யாரோ, காலனி மாடு மடியிலேயே தண்ணி கலக்குதப்பா என்றார்கள். பாலசுந்தரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்டைக்குக் கையை நீட்டினார்.

மாரக்காள் கொடுக்கவில்லை. "மடியிலிருந்து போசிக்கு வந்ததை அத்தன பேரும் பாத்தாங்க. தண்ணி எங்க கலந்துச்சுன்னு சொல்லிப்போட்டு அட்டையக் கிழிங்க."

போசியைச் சிமெண்ட் தரையில் வைத்து, அதன் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கிளப்பிப் பார்த்தார் செயலாளர். அவள் அசையவில்லை. வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. மாடு சொசைட்டி வாசலில் சாணி போட்டது. 

முக்கால் மணி நேரம் கழித்து, கடைசி ஆளாகச் சொசைட்டித் தலைவர் நாச்சிமுத்து வந்தார். ரெண்டு மைல் தள்ளியிருந்த தோட்டத்திலிருந்து சைக்கிளில் பால் கேன். என்ன சங்கதி என்று கேட்டார். மாரக்காள் எழுந்தாள்.

"நானும் இதத் தொடலீங்க, செயலாளரும் தொடலீங்க. உங்க கண்ணு முன்னால மறுக்காப் போடச் சொல்லுங்க."

தலைவர் தலையசைத்தார். மீட்டர் இறங்கியது, பாதியில் நின்றது, மேலே மிதந்தது. பாலசுந்தரம் அதை எடுத்து, துடைத்து, இன்னொரு தடவை விட்டார். அப்போதும் மிதந்தது.

முதலில் விஷயம் பிடிபட்டது தலைவருக்குத்தான். போசியைத் தொட்டுப் பார்த்தார், ஆறியிருந்தது. சூட்டில் பால் இளகியிருப்பதால், தண்ணீர் கலந்தது போல மீட்டர் பொய் சொல்லியிருக்கிறது. தோட்டத்துப் பால் வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். காலனி சொசைட்டிக்குப் பக்கத்தில் இருந்ததால் மாரக்காளின் பால் ஆவி பறக்க வந்திருக்கிறது. தோட்டத்துப் பாலில் ஒருநாளாவது மீட்டர் விட்டிருந்தால் ஆறின பாலுக்கும் சூட்டுப் பாலுக்கும் உள்ள வித்தியாசம் என்றைக்கோ தெரிந்திருக்கும்.

"காலனிப் பாலா இருந்தாலும் சுத்தமாத்தேன் இருக்குது," என்றார் பாலசுந்தரம் பெரிய மனசோடு. "செரி, ஊத்து."

மாரக்காள் ஊற்றவில்லை. தலைவருடைய கேனைக் காட்டினாள். "இதுலயும் போடுங்க. எனக்குப் போட்டது எல்லாத்துக்கும்."

செயலாளர் மீட்டரைத் துடைத்தார். தலைவரைப் பார்த்தார். நாச்சிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் மூடியைத் திறக்கமாட்டேன் என்றால் என்ன அர்த்தமாகும்?

"போட்டுத் தொலையப்பா," என்றார்.

மீட்டர் மிதந்தது. மாரக்காள் குனிந்து பார்த்து, பாலசுந்தரத்தின் இழுவை மாறாமல், அவர் புருவம் தூக்குவது போலவே தூக்கிச் சொன்னாள்:

"தோட்டத்துப் பாலா இருந்தாலும் சுத்தமாத்தேனுங்க இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. அவள் பாலை ஊற்றி, அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாட்டை அவிழ்த்தாள். அடுத்த நாள் காலையில் மீட்டர் வரிசையின் முதல் ஆளிடமிருந்தே தொடங்கியது. பால் வண்டிக்காரன் அரை மணி நேரம் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றான்.