பதில் வந்த முகவரி

என் வீட்டுக்காரி ஒரு பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். கோடிக்கணக்கான பேருடைய மெயில் பெட்டிகள் அவர்களிடம் இருக்கின்றன. நான்கு வருடமாக யாரும் திறக்காத பெட்டிகளைக் கண்டுபிடித்து, உரியவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பி, முப்பது நாளுக்குள் அப்போதும் திறக்காவிட்டால் அழிப்பது இவளுடைய வேலை. குப்பை கூட்டுகிற வேலை என்பேன். முறைப்பாள்.

இவளுக்கு ஒரு தம்பி, எனக்கு மச்சினன். சரியான ரோஷக்காரன். அதே கம்பெனியின் இன்டர்வியூவில் மூன்றாவது முறையும் தேறாமல் வந்தவனிடம், எல்லோர் முன்னாலும் இவள், "உனக்கு இதெல்லாம் வராதுடா" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். போன் நம்பரை மாற்றிவிட்டான். இவளும் நான்கு வருடமாக, தனக்குத் தெரிந்த அவனுடைய ஒரே முகவரிக்கு, இவள் கம்பெனியிலேயே அவன் வைத்திருந்த பெட்டிக்கு, மெயில் எழுதுகிறாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒரு மன்னிப்பு கேட்க இவள் தவிக்கிற தவிப்பு எனக்கல்லவா தெரியும்!

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லதானே இருக்கு? இப்ப எந்த முகவரி வச்சிருக்கான்னு பார்த்தா என்ன?"

"ரெண்டு நிமிஷ வேலைதான். ஆனா அது திருட்டுங்க. எனக்கே கை அரிக்குது, நீங்க வேற கிளப்பி விடாதீங்க."

அப்பேர்ப்பட்ட உத்தமி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் எச்சரிக்கை மெயிலை இவள்தான் தயார் செய்தாள். சோதனைக்காக, அனுப்புகிறவர் இடத்தில் தன் பெயரையும் முகவரியையும் போட்டுவைத்தவள், கடைசியில் அதை மாற்ற மறந்துவிட்டாள். பெட்டியைத் திறக்காத பத்து லட்சம் பேர் கம்பெனியிடம் கொடுத்து வைத்திருந்த வேறு மெயில் முகவரிகளுக்கு இவள் பெயரிலேயே மெயில் போய்விட்டது!

மேனேஜர் அம்மா காய்ச்சி எடுத்துவிட்டார். வந்து குவிந்த பதில்களையெல்லாம் இவளே படித்து வகை பிரிக்க வேண்டும் என்று தீர்ப்பு. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். "என் பெட்டியை அழிக்க நீ யாரும்மா?" என்று பாதிப் பேர். "பாஸ்வேர்டு மறந்துபோச்சு, கொஞ்சம் சொல்லுங்க" என்று மீதிப் பேர். சிரித்துச் சிரித்து வாசித்துக் காட்டினாள்.

அடுத்ததை வாசிக்காமல் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, நாலு வருஷம் கழிச்சு எழுதற முதல் லெட்டர், என் கணக்கை அழிக்கப்போறேன்னா? சந்தோஷம். அழிச்சிடு."

"முதல் லெட்டராம்! எதையும் பார்க்கவே இல்லை பாருங்க!" என்று வாய்விட்டு அழுதாள். "நான் எழுதினது மொத்தமும் அந்தப் பெட்டியிலதாங்க கிடக்கு."

அழுதுகொண்டே தட்டினாள். "அது பத்து லட்சம் பேருக்குப் போனதுடா. மன்னிப்புக் கேட்டு உனக்குன்னு எழுதினதெல்லாம் அந்தப் பழைய பெட்டிக்குள்ள இருக்கு. ஒரே ஒரு தடவை திறந்து பாரு."

அதற்குப் பதில் இல்லை. முப்பது நாள் கெடு இன்றோடு முடிகிறது. காலையில் ஆபீசுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்த ஒண்ணை மட்டும் விட்டு வைக்க முடியாதா?" என்றேன்.

"என்னால முடியாதுங்க. சாயங்காலத்துக்குள்ள அவனே வந்து திறக்கணும்."