பல்செட்டுக்காரரின் கைப்பேசி எண்

பல் டாக்டர்கள் எல்லோரும் அவரைப் பல்செட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஊரில் இருந்த பல் மருத்துவமனைகளில் பதினேழுக்கு அவர்தான் செயற்கைப் பல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் நோயாளியின் ஈறில் அளவெடுத்து அனுப்புவார். இவர் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் மேலே மெழுகு வைத்து, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நடுவார். மெழுகு இளகியிருக்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பல்லை நிமிர்த்தி, கொஞ்சம் சாய்த்து, பக்கத்துப் பல்லோடு இசைவாக நிறுத்திவிட வேண்டும். நடுவில் கையை எடுத்தால் போச்சு. மறுபடி விளக்கில் கத்தியைச் சூடுகாட்டி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டின் பின்பக்கத்து அறைதான் பட்டறை. சன்னலோரம் ஒரு மேசை, மேசைமேல் ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கத்தி, கைப்பேசி.

ஒரு வியாழக்கிழமை, மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் மெழுகில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் அந்தக் கைப்பேசி அடித்தது. வாஷிங் மெஷின் வந்துவிட்டது, தண்ணீர்க் குழாயைக் காணோம் என்றார் ஒருவர். ராங் நம்பர் என்று சொல்லி வைத்தார் பல்செட்டுக்காரர். இருபது நிமிடம் கழித்து இன்னொருவர், மின்விசிறி எப்போது வரும் என்று கேட்டார். பொழுது சாய்வதற்குள் ஆறு பேர்.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் இணையத்தில் தேடிப் பார்த்தாள். வீட்டுச் சாமான்களை ஆன்லைனில் விற்கும் பெரிய கம்பெனி ஒன்றின் பெயரைப் போட்டு, வாடிக்கையாளர் சேவை எண் என்று தேடினால் முதலில் வந்தது இவருடைய எண். கொட்டை எழுத்தில், பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு போன் படத்தோடு.

கம்பெனியின் ஆப்பில் எண்ணே கிடையாது. அதனால்தான் ஜனங்கள் வெளியே தேடினார்கள். எங்கேயோ, யாரோ ஒருவர் எப்போதோ தப்பாக இந்த எண்ணை ஏற்றியிருக்கிறார். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மனைவி எண்ணிப் பார்த்தாள். ஒன்பது தளங்களில் அதே எண், ஒன்பதிலும் ‘வாடிகையாளர்’ என்று ஓர் எழுத்து விட்டுப்போன அதே பிழை. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். சிரித்துவிட்டாள். தேடுதளத்தில் ‘இந்த எண் தவறு’ என்று சொல்ல ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கிக் காரணமும் எழுதி அனுப்பினாள். நான்கு நாள் கழித்து, சரிபார்த்துவிட்டோம், எண் சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.

எண்ணை மாற்றிவிடலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. பத்தொன்பது வருடமாக இருக்கிற எண் அது. அவர் அனுப்பிய ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டியிருக்கிறது. மருத்துவமனைகளில் வரவேற்பில் உட்காரும் பெண்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். புதிதாக வருகிறவள் தன் சொந்த போனிலிருந்துதான் கூப்பிடுவாள். ஆகவே தெரியாத எண் என்று எதையும் ஒதுக்க முடியாது. எடுத்தே ஆகவேண்டும்.

எடுத்து ராங் நம்பர் என்று சொன்னாலும் யாரும் நம்பவில்லை. தட்டிக்கழிக்கிறீர்களா என்று சண்டைக்கு வந்தார்கள். உங்கள் மேலதிகாரியிடம் கொடுங்கள் என்றார்கள். எனக்கு மேலதிகாரி என் மனைவிதான் என்று ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னார். அந்த ஆள், சரி, அவர்களிடமே கொடுங்கள் என்று காத்திருந்தார்.

மூன்றாவது மாதம் அவருக்கு ஒன்று புரிந்தது: மறுத்துப் பேசுவதைவிட உதவி செய்வது சீக்கிரம் முடிகிறது. மனைவியிடம் சொல்லி அந்த ஆப்பைத் தன் கைப்பேசியில் போட்டுக்கொண்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து வழி கண்டுபிடித்தார். ‘உதவி’யை அமுக்கினால் எட்டுக் கேள்விகள் வரும். எட்டையும் தாண்டிக் கீழே போனால் பொடி எழுத்தில், வெளிறிய சாம்பல் நிறத்தில் ‘இவற்றில் இல்லை’ என்றிருக்கும். அதை அமுக்கினால் மெஷின் எழுத்தில் பேசும். மெஷினிடம் எதைச் சொன்னாலும் அந்த எட்டுக் கேள்விக்கே திருப்பி அனுப்பும். ஆனால் ‘சட்டப்படி புகார்’ என்று எழுதினால் மட்டும் ஒரு மனிதர் வருவார். இதை ஓர் அட்டையில் எழுதி மேசைக்கு எதிரே மாட்டினார். பார்த்துச் சொல்லி முடிக்க ஒன்றரை நிமிடம்.

“சம்பளத்துக்கு வேலை தேடறவங்க அலையறாங்க. உங்களுக்குச் சம்பளமில்லாத வேலை வீடு தேடி வந்திருக்கு” என்றாள் மனைவி.

ஒரு நாளைக்கு முப்பது பேர், சில நாள் நாற்பது. காது சுட்டது. சாப்பிடும்போது அடிக்காத போன் அடிப்பதுபோல் இருந்தது. ஓய்வுபெற்ற ஒருவருக்குச் செய்த பல்செட் திரும்பி வந்தது. முன்பல் இரண்டும் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதாக டாக்டர் சீட்டு எழுதியிருந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் வேலை திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. காரணம் எதுவும் சொல்லாமல் புதிதாகச் செய்து அனுப்பினார். என்னவென்று சொல்வது?

இரண்டு வருடம் தாண்டி ஒருநாள் ஒரு பெண் கூப்பிட்டாள். வயதானவள் என்று குரலே சொன்னது. கணவருக்கு மூச்சு இழுப்புக்காக ஆவி பிடிக்கும் மெஷின் வாங்கியிருக்கிறாள், உடைந்து வந்திருக்கிறது. பல்செட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், பணத்தைத் திருப்பிப் போடுவதற்கென்று தன் வங்கி அட்டையின் எண்ணை வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். நிறுத்துங்கம்மா என்றார். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, அவள் முதலிலிருந்து மெதுவாக வாசித்தாள். இப்போது ஓடிபி வரும், அதையும் சொல்கிறேன் என்றாள்.

“அம்மா, நான் பல்லு செய்யறவன். அந்த கம்பெனிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. கார்டு நம்பரை என்கிட்ட சொல்லாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

அவள் வாசிப்பதை நிறுத்தினாள்.

“அப்ப யார்கிட்டதாம்பா சொல்றது?” என்றாள் அவள்.

 அவர் எதிரே மாட்டியிருந்த அட்டையைப் பார்த்து வழி சொன்னார். சாம்பல் எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. திரையில் என்னென்ன தெரிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுக் கூட்டிப்போனார். நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசியில் ஒரு மனிதர் வந்து, புது மெஷின் அனுப்புவதாக அவளுக்கு எழுதினார். இவருடைய மெழுகு கல்லாகியிருந்தது.

அன்று முழுக்க அவர் வேலை செய்யவில்லை. இரண்டு வருடத்தில் எத்தனை பேர் தன்னிடம் கேட்காமலேயே எதையெல்லாம் ஒப்பித்தார்கள் என்று நினைத்துப் பார்த்தார். இதே எண் ஒரு திருடன் கையில் இருந்திருந்தால்? 

மறுநாள் பஸ் பிடித்து அந்தக் கம்பெனியின் அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடிக் கட்டடம், பன்னிரண்டு மாடி. யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளி கேட்டார். அது தெரிந்தால் நான் ஏன் வருகிறேன் என்றார் இவர். ஆப்பில் நேரம் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஆப்பில் அதற்கு இடமில்லை என்று இவர் சொன்னார். அது காவலாளிக்கும் தெரிந்திருந்தது. திரும்பும் வழியில் ஒரு மருத்துவமனையில் கொடுப்பதற்காகக் கையில் ஒரு பெட்டி வைத்திருந்தார். சோதனை என்று காவலாளி அதைத் திறக்க, நான்கு ஜோடிப் பற்கள் அவரைப் பார்த்துச் சிரித்தன. மனிதர் இரண்டடி பின்னால் போனார்.

அந்தக் களேபரத்தில், சாப்பிடக் கீழே வந்த ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கண்ணுக்குக் கீழே கருவளையம். வாடிக்கையாளர் உதவிப் பிரிவு என்று அட்டையில் எழுதியிருந்தது. பல்செட்டுக்காரர் விட்டுவிடவில்லை. தன் எண்ணையும், இரண்டு வருடக் கதையையும், அட்டையில் எழுதி மாட்டிய வழியையும் சொன்னார். ‘சட்டப்படி புகார்’ என்ற இடம் வந்ததும் அவள் முகம் மாறியது.

“அது நீங்கதானா சார்? எல்லாரும் ஒரே மாதிரி, ஒரு எழுத்து மாறாம அதையே எழுதறாங்க. யாரோ எங்களுக்கு எதிரா கூட்டம் சேர்க்கறாங்கன்னு ஒரு வருஷமா மீட்டிங் போட்டுட்டிருக்கோம்.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வரவேற்பறை ஓரத்து நாற்காலியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நீங்களே ஓர் எண்ணைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டார் அவர்.

முன்பு இருந்ததாம். ஒருவரிடம் பேச ஏழு நிமிடம் ஆகிறது, ஆள் போதவில்லை. முதல் பக்கத்தில் இருந்த எண்ணை மூன்றாம் பக்கத்துக்கு மாற்றினார்கள். அழைப்புகள் பாதியாயின. அதோடு புகார்களும் பாதியாயின; அதாவது வரைபடத்தில். குறை தீர்ந்து போனார்களா, அலுத்துப் போனார்களா என்று பிரித்துப் பார்க்க அந்த வரைபடத்தில் இடமே இல்லை. மாற்றியவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அடுத்து வந்தவர் எண்ணையே எடுத்துவிட்டார்.

“மூணு தடவை தேடிப் பார்த்துட்டு பாதிப் பேர் விட்டுடுவாங்க சார். விட்டவங்க எல்லாரும் எங்க பார்வையில திருப்தியானவங்க” என்றாள்.

தப்பு என்று எழுதி அனுப்பியும் தன் எண் ஏன் போக மாட்டேன் என்கிறது என்று கேட்டார். அது தேடுதளத்துக்காரர்களின் விஷயம், தங்கள் கையில் இல்லை என்றாள். அவர்களுக்கும் போன் நம்பர் கிடையாது. பிறகு சற்றுத் தயங்கினாள்.

“எனக்கும் நிச்சயமா தெரியாது. ஆனா அந்த நம்பருக்குப் பேசினவங்க திரும்பத் தேடறதில்லையே. தேடலைன்னா, கேட்டது கிடைச்சிருச்சுன்னுதான் மெஷின் நினைச்சுக்கும். நீங்க நல்லா பதில் சொல்றீங்க சார். அதனாலதான் போகலையோ என்னவோ.”

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். நகக்கண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைச் சுரண்டினார்.

ஜனங்கள் உங்களிடம் என்ன சொல்வார்கள் என்று அவள் கேட்டாள். ஐந்து வருடமாக அதே பிரிவில் இருந்தும், எழுத்தில் தவிர ஒருவரோடும் வாய்விட்டுப் பேசியதில்லையாம். ஆவி பிடிக்கும் மெஷின்காரியைப் பற்றிச் சொன்னார். குழாய் வராமல் ஒரு மாதம் கையால் துணி துவைத்தவரைப் பற்றி, கல்யாணமான மகளுக்கு அனுப்பிய அடுப்பு பழைய முகவரிக்கே மூன்று தடவை வந்து நின்றதைப் பற்றிச் சொன்னார். அவள் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. மேலே சொல்லிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு லிஃப்டை நோக்கி ஓடினாள்.

அவள் சொன்னாளா, யாரிடம் சொன்னாள் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு மாதத்தில் ‘சட்டப்படி புகார்’ வேலை செய்யாமல் போயிற்று. அப்படி எழுதினாலும் மெஷின் எட்டுக் கேள்விக்கே திருப்பி அனுப்புகிறது என்று கூப்பிட்டவர்கள் சொன்னார்கள். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டார்கள்.

“அந்தப் பொண்ணு நல்லதுன்னு நினைச்சுத்தான் சொல்லியிருக்கும்” என்றாள் மனைவி. அவரும் அப்படித்தான் நினைத்தார். அட்டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டார்.

அதற்குப் பிறகு அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. “எனக்குத் தெரியாதுங்க” என்று மட்டும் சொன்னார். திட்டினார்கள், கேட்டுக்கொண்டார். சிலர் அழுதார்கள். வைத்த பிறகும் அந்தக் குரல் கூடவே இருக்கும். ஐந்து வாரம் இப்படிப் போயிற்று. முப்பது பேர் இருபதானார்கள், இருபது எட்டானது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்வரை போன் அடிக்கவே இல்லை. பழுதோ என்று மனைவியின் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, திருப்பிக் கூப்பிடச் சொன்னார். நன்றாகத்தான் அடித்தது. அவள் அங்கிருந்தே தேடிப் பார்த்துவிட்டு, உங்கள் எண்ணைக் காணவில்லை, அந்த இடத்தில் வேறு ஏதோ எண் இருக்கிறது என்றாள்.

உங்களால் இனி பிரயோசனமில்லை என்று மெஷினுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவள் கட்சி. இருக்கலாம். ஏன் வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை, ஏன் போனது என்றும் சொல்லவில்லை. அவர் நாற்காலியிலேயே சாய்ந்து இரண்டு மணி நேரம் தூங்கினார்.

ஒரு வாரம் வேலை நன்றாக நடந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அடுத்த புதன்கிழமை அந்தப் புது எண்ணைக் கூப்பிட்டார். திருடனாக இருந்தால் போலீசுக்கு எழுதிப் போடலாம் என்று பக்கத்தில் பேனாவும் வைத்துக்கொண்டார்.

“ராங் நம்பர்” என்றது ஒரு பெண் குரல், அவர் பேசுவதற்கு முன்பே. பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம்.

“ராங் நம்பர் இல்லம்மா. உங்ககிட்டதான் பேசணும். உங்களுக்கு முன்னாடி அந்த இடத்துல என் நம்பர்தான் இருந்துச்சு.”

செடி வளர்த்து விற்கும் தோட்டம் வைத்திருப்பவள். போன மாதம் ஒன்றிரண்டாக ஆரம்பித்து, இந்த ஒன்பது நாளாக ஓயாமல் வருகிறது, பைத்தியம் பிடிக்கும்போல் இருக்கிறது என்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். யாராவது கார்டு நம்பரை வாசிக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது என்றார். இது எத்தனை நாள் இருக்கும் என்று அவள் கேட்டாள். தனக்கு இரண்டு வருடம் நான்கு மாதம் என்றார். 

“உதவி பண்ணாதீங்கம்மா. பண்ணினா போகாது” என்றார். சொன்ன வாயாலேயே அவருக்குக் கூசியது.

“அதெப்படிங்க? காலையில ஒருத்தர் கூப்பிட்டாரு. அவங்க அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வாங்கியிருக்காரு, ஒரு சக்கரம் வரலையாம். விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டேன். அந்த ஆப்ல எங்க அமுக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?”

பழைய வழி அடைபட்டுவிட்டது என்றார் பல்செட்டுக்காரர்.  தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அவர் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். “கொஞ்சம் இருங்க, திறந்து பாக்கறேன்” என்று சொல்லி விளக்கை ஊதி அணைத்தார்.