மைனாவின் எச்சில் பழம்

மூன்று வயது முடிந்தும் என் மகன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரத்தில் என் கணவர் கல்பட்டறையில் கூலிக்கு உளி பிடித்த காலம். பட்டறையை ஒட்டியே எங்கள் வீடு. வசம்பு சுட்டு நாக்கில் தடவினேன். தேன் தடவினேன். வேண்டாத சாமியில்லை. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எதிர்வீட்டு மீன்காரம்மாதான் வழி சொன்னாள். "மைனா கொத்திப்போட்ட பழத்த ஊட்டுமே. பேச்சு தானா வரும். எங்க அண்ணன் வூட்ல அப்டித்தான் ஆச்சு." என் கணவர் செங்கல்பட்டு சந்தைக்குப் போய் ஒரு மைனாக் குஞ்சைக் கூண்டோடு வாங்கி வந்தார்.

மைனா கொத்தி மிச்சம் வைத்த வாழைப்பழத்தைத் தினமும் பையனுக்கு ஊட்டினேன். ஊட்டிக்கொண்டே, "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று கெஞ்சுவேன். அவன் பழத்தைத் தின்றான், அவ்வளவுதான்.

அந்தப் பறவை லேசுப்பட்டதில்லை. நான் நாளெல்லாம் பேசினாலும் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். என் கணவரின் இருமல், மீன்காரம்மாவின் கூவல், காக்கையின் கத்தல் எல்லாவற்றையும் தன் சீழ்க்கையோடு கலந்து நீளமாகப் பாடும். நேற்றுப் பாடிய வரிசையில் இன்று பாடாது. பூனையை நான் திட்டும் "ச்சீ, போ!" இருக்கிறதே, அதைப் பூனை வந்தால்தான் சொல்லும். சனியன், அத்தனை புத்தி!

ஒரு நாள் மத்தியானம் அடுப்படியில் இருந்தேன். கூடத்திலிருந்து, "அம்மா!"

கரண்டியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கே ஓடினேன். "எம் புள்ள பேசிட்டான்!" மீன்காரம்மா ஓடிவந்து அவன் வாயில் சர்க்கரையைப் போட்டாள். என் கணவர் கல்தூசியோடு வந்து அவனைத் தூக்கிச் சுற்றிவிட்டு இறக்கினார். பையன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழையபடி கல்சில்லு அடுக்க ஆரம்பித்தான்.

"அம்மா!"

கூண்டிலிருந்து வந்தது. என் குரல், என் கெஞ்சல். 'சொல்லு' என்பதை மட்டும் கழற்றிவிட்டிருந்தது. அந்தச் சொல் வந்தால் பழமும் வரும் என்று அது கணக்குப் பண்ணியிருந்தது. மீன்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"வுடுமே, பேச்சு எங்க போயிடப்போவுது?" என்றார் என் கணவர். "எம் புள்ள தைரியசாலி. இத்தினி உளிச் சத்தத்துலயும் எப்டி அசராம தூங்கிகினு..."

எப்போதும் பெருமையாகச் சொல்வதுதான். அன்று பாதியிலேயே நிறுத்திவிட்டார். நான் பையனைத் திரும்பிப் பார்த்தேன்.

மைனா மறுபடியும் கத்தியது. கூண்டு அவன் தலைக்கு மேலேதான் தொங்கியது. அவன் தலை அசையவில்லை.

அவன் பின்னால் மண்டியிட்டுக் கத்தினேன். "டேய், அம்மா கூப்புடறேன்டா! அம்மாடா!" தொண்டை கிழியக் கத்தினேன். மைனா மிரண்டு இறக்கையைக் கம்பியில் அடித்துக்கொண்டது. இன்னும் நெருங்கிக் கத்தினேன். என் மூச்சு பிடரியில் பட்டதும்தான் அவன் திரும்பினான்.

உதட்டில் சர்க்கரையோடு என்னைப் பார்த்துச் சிரித்தான்.