ஜம்பாஷ் யாருக்கு

எசென்பெக்குக்குப் பொறாமை வந்தால் காது சிவக்கும். உர்மத் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் காதுகள் வெளுத்து நான் பார்த்ததில்லை.

பிஷ்கெக்கில் நாங்கள் வெப்சைட் செய்து கொடுக்கிறவர்கள். பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று நான் படமாக வரைவேன். அதைப் பார்த்து எசென்பெக் வரி வரியாகக் கோட் எழுதுவார். ஒரு பட்டன் மயிரிழை விலகியிருந்தாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதர். உர்மத் அப்படியில்லை. என் படத்தை ஒரு மென்பொருளுக்குள் தள்ளுவான், தேநீர் ஊற்றிக்கொள்வான், தேநீர் ஆறுவதற்குள் கோட் தயாராகிவிடும். சாயங்காலம் பந்தாடப் போய்விடுவான். அதுதான் எசென்பெக்குக்குப் பொறுக்கவில்லை.

இசிக்குல் ஏரிக்கரை விடுதி ஒன்றின் வெப்சைட் எங்களுக்கு வருவதாக இருந்தது. அதை முன்னின்று நடத்தும் பொறுப்பு தனக்கே என்று எசென்பெக் நம்பியிருந்தார். முதலாளியம்மா ஜிபார் எஜேயோ, முதல் பக்கத்தை இருவரும் தனித்தனியாகச் செய்து காட்டட்டும் என்றுவிட்டார்.

உர்மத் அன்றே முடித்தான். எசென்பெக்குக்கு ஒரு வாரம் தாண்டியது. அதில் பாதி, உர்மத் செய்ததைத் திறந்து வைத்துக் குற்றம் தேடியதில் போனது.

"இங்க வந்து பாரு, ஆய்ஜாதா," என்று என்னைக் கூப்பிட்டார். "ஒரே ஒரு பட்டன், அதுக்கு இவ்ளோ கோட். அதச் சுத்திப் பெட்டிக்குள்ள பெட்டி, பெட்டிக்குள்ள பெட்டி. இத மனுசன் படிப்பானா?"

"யாரு படிக்கப் போறா, பைகே?" என்றேன். மூத்த ஆண்களை நாங்கள் பைகே என்றும் மூத்த பெண்களை எஜே என்றும்தான் அழைப்போம். காது இன்னும் சிவந்தது.

விடுதிக்காரர் வந்து இரண்டையும் பெரிய திரையில் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே," என்றார்.

"சிக்னல் சரியா கெடைக்காத மலையில தொறந்து பாருங்க. என்னோடது ஒடனே வரும்," என்றார் எசென்பெக்.

"மலையில இருக்கிறவன் எதுக்கு எங்க விடுதிக்கு வரப்போறான்?"

எங்களுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

முடிவை ஞாயிற்றுக்கிழமை விருந்தில் சொல்வதாக எஜே சொன்னார். வீட்டில் ஆடு அடித்திருந்தார். எந்த எலும்பு யார் தட்டுக்குப் போகிறது என்பதில்தான் எங்கள் ஊரில் மரியாதையே இருக்கிறது. ஜம்பாஷ் என்கிற இடுப்பெலும்புக்கு முதலிடம்.

"அத அந்தப் பயலுக்கு வச்சாங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்," என்று எசென்பெக் என் காதைக் கடித்தார்.

கூட்டத்தில் இளையவன் என்பதால் உர்மத்தான் கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான். "நல்லாக் கழுவுங்க பைகே. எழுதுற கை," என்றான். கேலியா, அன்பா என்று எனக்கே தெரியவில்லை.

எஜேயின் கணவர் இறைச்சியைப் பரிமாறினார். ஜம்பாஷ் நேராக எசென்பெக்கின் முன்னால் வந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையனைப் போல அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கணக்கு பாத்த அக்மத் பைகே ஓய்வு வாங்கிப் போனப்புறம் நம்மள்ல நீங்கதான் வயசுல மூத்தவரு. சாப்பிடுங்க," என்றார் எஜே. அதே மூச்சில், "ஏரி வேலைய உர்மத் பாத்துக்கட்டும். அவன் தடுமாறினா நீங்க எடுத்துச் சொல்லுங்க," என்றார்.

ஜம்பாஷ் கிடைத்தவர் தானே தின்று தீர்க்கக் கூடாது. வெட்டி இளையவர்களுக்குக் கொடுக்க வேண்டும். எசென்பெக் கத்தியை எடுத்தார். கொழுப்பே இல்லாத, பல்லில் சிக்குகிற இடமாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி நீட்டினார். உர்மத் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அவன் தட்டில் இருந்தது மரியாதையில் கடைசியான ஒரு சின்ன எலும்பு. எசென்பெக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் இருந்த ஜம்பாஷ் ஆறிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன எலும்பின் மேல் அவருக்கு அப்படியொரு பொறாமை.

"நான் சேந்த வருசம் அந்த எலும்புதான் எனக்கு வந்துச்சு," என்றார் என்னிடம். "அன்னைக்கு ஜம்பாஷ் கெடச்சவரு எனக்கு வெட்டிக் குடுத்தாரு. நெட்டையா ஒருத்தரு. எல்லாத்தயும் பழைய மாதிரியேதான் செய்வாரு, நாங்க பின்னால சிரிப்போம். அவரு பேரு என்ன, ஆய்ஜாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் வேலைக்கு வருவதற்கு முன்பே அவர் போயிருந்தார்.