பன்னிரண்டு ஓவர் ரத்தினம்

ரத்தினம் போய்விட்டார். இன்று காலை, காபி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

செய்தி வந்து கால் மணி நேரம் ஆகவில்லை… எங்கள் பழைய கிரிக்கெட் டீம் வாட்ஸ்அப் குரூப்பில் அதே சண்டை ஆரம்பித்துவிட்டது. பெஸ்ட் பவுலர் பரிசு ரத்தினத்துக்கா, மணிக்கா?

நாற்பது வருடம். மனுஷன் உடம்பை இன்னும் ஐஸ் பெட்டியில்கூட வைக்கவில்லை. என்ன சொல்வது இவர்களை.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்செங்கோட்டில் எங்களுக்கு ஒரு டீம் இருந்தது. நான்தான் கேப்டன். ரத்தினம் போர்வெல் போடும் ரிக் வண்டி ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுபவர், என்னைவிட இரண்டு வயது பெரியவர்.

நாலே எட்டு ஓடி வருவார். பந்து பேட்ஸ்மேன் கால் கட்டை விரலில் வந்து விழும். ஒன்று ஸ்டம்ப் போகும், இல்லை விரல் போகும்.

அதைவிடப் பெரிய விஷயம், அவருக்குப் பதட்டமே வராது. அதனால் இருபத்தைந்து ஓவர் மேட்ச்சில் கடைசி ஐந்து ஓவர் வரும்வரை அவர் கையில் பந்தையே கொடுக்க மாட்டேன். ஒரு மேட்ச்சுக்கு மூன்று ஓவர். அவ்வளவுதான் அவர் வேலை.

நாமகிரிப்பேட்டை டோர்னமென்ட். ஃபைனலில் ஜேடர்பாளையம் டீமுக்குக் கடைசி ஓவரில் ஐந்து ரன் வேண்டும், கையில் மூன்று விக்கெட்.

ரத்தினம் ஒரு ரன் கொடுத்தார். இரண்டு விக்கெட் எடுத்தார். கோப்பை எங்களுக்கு.

பிறகு மைக்கில் பெஸ்ட் பவுலர் என்று அறிவித்தார்கள்… மணி. அவரும் எங்கள் ஆள்தான், முதல் ஓவர் போடுபவர். நல்ல பவுலர், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாலு மேட்ச்சையும் முடித்துக் கொடுத்தது யார்?

நேராக மேடைக்குப் போனேன். கமிட்டித் தலைவர் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர், நிதானமாகப் பேசுவார்.

“கேப்டன், மணி நாலு மேட்ச்சுல இருவது ஓவரு வெயில்ல ஓடியிருக்கறாரு. பதினோரு விக்கெட்டு. உங்க ரத்தினம் பன்னண்டு ஓவரு, ஒம்போது விக்கெட்டு. பாதி வேலை பாத்தவருக்கு முழுப் பேரு எப்படிங்க குடுக்கறது?”

“பாதி வேலைங்களா? மணி ஒரு பந்து அடி வாங்குனா அடுத்த பந்துல சரி பண்ணிக்கலாமுங்க. இவரு ஒரு பந்து அடி வாங்குனா எல்லாரும் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“சரிங்க. அவர அந்த நேரத்துக்குன்னு ஒதுக்கி வெச்சது ஆரு? நீங்கதான?”

இறங்கி வந்துவிட்டேன்.

பரிசு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. திரும்பும் பஸ்ஸில் சீட் கிடைத்தது ரத்தினத்துக்கு மட்டும். அந்த ரேடியோவை மடியில் வைத்து மணிக்கு ஸ்டேஷன் பிடித்துக் கொடுத்துக்கொண்டு வருகிறார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வருடம் அதே டோர்னமென்ட். இந்த முறை யாரும் பாதி வேலை என்று சொல்லக்கூடாது என்று முதல் மேட்ச்சில் முதல் ஓவரையே ரத்தினத்திடம் கொடுத்தேன்.

பந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஏனுங்க கேப்டன், ஆள் மாத்திக் குடுத்துட்டீங்களா?”

“போடுங்க.”

ஒருத்தருக்கு அனுமதித்த ஐந்து ஓவரையும் போட்டு முடித்தார். அவர்கள் ஒருத்தரும் பேட்டைத் தூக்கவில்லை, சும்மா தடுத்துத் தடுத்து அவர் ஓவர்களைக் கழித்துவிட்டார்கள். ஒரே ஒரு விக்கெட். கடைசி ஓவர் மணிக்குப் போனது… கை வியர்த்து இரண்டு ஃபுல்டாஸ். இரண்டும் பவுண்டரி. முதல் ரவுண்டிலேயே வெளியே.

பஸ் ஸ்டாப்பில்தான் ரத்தினத்துக்குக் கோபம் வந்து பார்த்தேன். முதலும் கடைசியுமாக.

“எனக்காகத்தான பண்ணுனீங்க? நான் கேட்டனுங்களா?”

“உங்களுக்குப் பரிசு வேண்டாமா ரத்தினம்?”

“வேணுமுங்க. வேண்டாம்னு எப்பச் சொன்னேன்? ஆனா கடைசி ஓவரு போட்டு வாங்கோணும். மொத ஓவரு போட்டு வாங்குனா அது மணி செய்யற வேலைக்குக் குடுக்கறது. எனக்கு எதுக்குங்க அது?”

இதைப் போன வருடமே மேடையில் அவரே வந்து சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா.

ஆறு மாதத்தில் அவர் ரிக் வண்டியோடு ஆந்திரா பக்கம் போய்விட்டார். டீம் கலைந்தது. அதுதான் அவர் ஆடிய கடைசி மேட்ச். அவரை நான் தப்பான நேரத்தில் பந்து போட வைத்த மேட்ச்.

சில வருடங்களுக்கு முன் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. இத்தனை வருடம் மனதில் கிடந்ததை ஒருவழியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

ரசத்தைக் கலந்துகொண்டே, “எந்த மேட்ச்சுங்க அது?” என்றார்.

மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி நடித்தாரா… அன்றும் தெரியவில்லை. இனி கேட்கவும் ஆள் இல்லை.

மத்தியானம் மணி போன் செய்தார். “நான் கார் எடுத்துக்கிட்டு வாரேன், ரெடியா இருங்க கேப்டன்” என்றார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு எடுக்கிறார்கள். குரூப்பில் இருப்பவர்கள் தயவுசெய்து அங்கே வந்து ஓவர் கணக்குப் பேசாதீர்கள்.

ரத்தினம்… நல்லபடியாப் போங்க சாமி.